ஏழாவது எண்ணில் குனிகிறவன்

ஆணி ஆலைக்குள் யாரும் யாரையும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. நாற்பத்திரண்டு மெஷின்கள் ஒரே தகரக் கூரைக்குக் கீழே கம்பியைக் கடித்து, கடித்ததை மண்டையில் அடித்து, அடித்ததைக் கூர் சீவித் துப்பிக்கொண்டிருக்கும்போது, கூப்பிட்ட குரல் கூப்பிட்டவர் காதுக்கே எட்டாது. அங்கே கையும் முகமும்தான் நாக்கு. மூக்கைத் தொட்டால் ஃபோர்மேன் வருகிறார் என்று பொருள். அவருக்கு அப்படி ஒரு மூக்கு. இரண்டு விரலை உதட்டில் வைத்தால் தேநீர். வாயை மட்டும் நன்றாக அசைத்தால் போதும், முப்பதடி தள்ளி நிற்கிறவர் முழு வாக்கியத்தையும் படித்துவிடுவார். வசவாக இருந்தால் அறுபதடி.

அந்த ஆலையில் உருளை ஓட்டுகிறவளுக்குத் தூள் என்று பேர். வெட்டி விழுந்த ஆணிகளை மரத்தூளோடு ஒரு பெரிய இரும்பு உருளையில் கொட்டிச் சுற்றவிட்டால், எண்ணெயும் பிசிறும் போய்ப் பளபளவென்று வெளியே வரும். பதினாறு வருடமாக அந்த வேலை. எத்தனை தடவை தலை குளித்தாலும் அவள் முடியில் நாலு துணுக்கு மரத்தூள் இருக்கும். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது.

அவள் கணவர் அதே ஆலையில் செட்டர். மெஷின் தடம் மாறினால் அச்சைத் திருகி, சுத்தியலின் அடியைச் சரிசெய்து, மறுபடி ஓடவிடுகிறவர். செட்டர்கள் மெஷினை வைத்தியர் மாதிரி சோதிப்பார்கள். நீளமான திருப்புளியின் நுனியை இரும்பின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டால், இத்தனை இரைச்சலிலும் அந்த ஒரு மெஷினின் உள்குரல் மட்டும் கேட்கும். அதில் இவரை மிஞ்ச ஆளில்லை என்றுதான் போன மாதம்வரை எல்லோரும் சொன்னார்கள்.

போன மாதம் ஒருநாள் இவர் சரிசெய்துவிட்டுப் போன மெஷின், இரண்டு மூட்டை நிறைய மொட்டை ஆணி துப்பியது. மருந்துக்குக்கூட ஒன்றிலும் தலையில்லை. மூட்டை கட்டும் பிரிவிலிருந்த ரேடியோ அதில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு கேன்டீனுக்கே வந்துவிட்டான். வாய் ஓயாத ஆள் என்பதால் அவனுக்கு அந்தப் பேர்.

"செவிடன் காதுல ஊதின சங்கு கேள்விப்பட்டிருக்கேன். செவிடன் கையில ஓடின மெஷினை இப்பத்தான்யா பாக்குறேன்!"

மேசை முழுக்கச் சிரித்தது. செட்டர் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் அது விழுந்திருக்காது. ஆனால் வாயைப் படிக்கத் தெரிந்தவருக்கு எதிரில் உட்கார்ந்து பேசினால், அது காதில் ஊதியதைவிட மோசம். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துபோனார். மறுநாளிலிருந்து கம்பிச் சுருள்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த வாரக் கடைசியில், பின்பக்க வாசலில் காவல் இருப்பவர் அடுத்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார் என்று தெரிந்ததும், தன்னை அந்த வேலைக்கு மாற்றும்படி ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்த வாசல் வழியா ஒரு நாளைக்கு ஒரு லாரி வரும். அதுவும் வந்தா வரும்," என்றாள் தூள். "அங்க யாரோட பேசுவீங்க?"

"யாரோடயும் பேச வேணாம்னுதானே போறேன்."

வீட்டிலும் அவர் அதற்கு ஒத்திகை பார்க்க ஆரம்பித்திருந்தார். கேட்டால் பதில், இல்லையென்றால் சுவர். தூளுக்குக் கவலை அவர் காதைப் பற்றி அல்ல. அது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். இவர் அந்தக் காவல் கொட்டகைக்குள் போய்விட்டால், மனுஷர் திரும்பி வரமாட்டார், சம்பளம் மட்டும்தான் வரும் என்று பயந்தாள். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அவளுடைய நாத்தனாருக்கு நகர நூலகத்தில் வேலை. பழைய சினிமாக் குறுந்தட்டுகள் அடுக்கியிருக்கும் அலமாரி அவள் பொறுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் வந்தவள், அண்ணன் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து, பைக்குள்ளிருந்து ஏழெட்டுத் தட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினாள்.

"அண்ணி, பேச்சில்லாத படம் பாத்திருக்கீங்களா?"

"பேசுற படத்தையே நான் பாதியில தூங்குறவ."

"இது நூறு வருஷத்துக்கு முந்தின காமெடி. ஒருத்தரும் வாயத் தொறந்து பேச மாட்டாங்க. பேசினாலும் நமக்குக் கேக்காது. அண்ணனுக்கு எல்லாரோடயும் சரிசமமா உக்காந்து பாக்க இதைவிட வேற என்ன இருக்கு? ஆனா ஒண்ணு. எடுத்த உடனே ரெண்டு மணி நேரப் படத்துல காலை விடாதீங்க. முதல்ல இருபது நிமிஷப் படம். ஒரே ஆளோட மூணு. அது முடிஞ்சப்புறம்தான் அடுத்த ஆள்."

"எல்லாரும் விழத்தானே போறாங்க? அதுல என்னடி வரிசை?"

"நீங்க வழுக்கி விழறதும் உங்க ஃபோர்மேன் வழுக்கி விழறதும் ஒண்ணா?"

தூள் கற்பனை செய்து பார்த்தாள். ஒன்றல்லதான்.

"அப்புறம், முகத்த முதல்ல பாக்காதீங்க, காலைப் பாருங்க," என்றாள் நாத்தனார். மூன்று நடிகர்களைத் தேர்ந்தெடுத்துக் கொண்டு வந்திருந்தாள். பேர்களெல்லாம் தூளின் வாயில் நுழையவில்லை. அவளே பேர் வைத்துக்கொண்டாள். பருத்த உடம்போடு பூனைபோல் நடப்பவர் பஞ்சுமூட்டை. வட்டக் கண்ணாடி போட்ட, அவசரமே உருவான ஒல்லி மனிதர் கண்ணாடி. என்ன நடந்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாதவர் கல்லு.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கையோடு கணவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள். டிவியில் படம் ஓடத் தொடங்கியது. பஞ்சுமூட்டை ஒரு நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தார். செட்டர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு திரையின் மூலையைச் சுட்டிக்காட்டினார். அங்கே ஒலிபெருக்கிப் படமும் அதன் மேல் குறுக்குக் கோடும் இருந்தன.

"எதுக்கு சத்தத்தை எடுத்திருக்க?"

"இது பேசாத படங்க."

"பேசாத படத்துல எடுக்குறதுக்கு சத்தம் எங்கிருந்து வந்துச்சு?"

 படத்துக்குப் பின்னணியாகப் பியானோ இசை இருந்தது. காலையில் போட்டுப் பார்த்தபோது அவளே ரசித்துக் கேட்டாள். அவருக்குக் கேட்காததை நாமும் கேட்க வேண்டாம் என்றுதான், அவர் வந்து உட்காருவதற்கு முன்னால் அதை நிறுத்தியிருந்தாள்.

"செவிடனுக்கு ஊமைப் படம்," என்றார் செட்டர். "ஜோடிப் பொருத்தம் பிரமாதம்." எழுந்து போய்விட்டார். கொல்லைப்பக்கத்தில், சுத்தமாக இருந்த செருப்பை அவர் மறுபடி தேய்த்துக் கழுவும் ஓசை அரைமணி நேரம் கேட்டது.

நாத்தனாரிடம் போனில் சொன்னபோது அவள் தலையிலடித்துக்கொண்டது இந்தப் பக்கம்வரை கேட்டது. "ஏன் அண்ணி? யாரு உங்கள சத்தத்த எடுக்கச் சொன்னா?"

"சரிசமமா இருக்கட்டும்னுதான்..."

"அவருக்குத் தெரியாம அவருக்காக நீங்க செவிடானா அது சரிசமமா? எனக்கே கோபம் வரும்."

தூள் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். தப்பு அவளுடையது. சந்தேகமே இல்லை. மன்னிப்புக் கேட்டால் அதற்கும் ஒரு சுவர்தான் பதிலாக வரும். எனவே அவள் வேறொரு முடிவுக்கு வந்தாள். இனிமேல் அவரைக் கூப்பிடப் போவதில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும், சத்தத்தோடு, நடுக்கூடத்தில், அவளே பார்க்கப் போகிறாள். பார்க்க வேண்டியது அவர் என்றாலும், ஆரம்பிக்க வேண்டியது யாராவது ஒருவர்தானே?

முதல் இரண்டு நாள் அவளுக்கு ஒரு சிரிப்பும் வரவில்லை. இதுதானா, இதற்குத்தானா இவ்வளவு புகழ் என்றிருந்தது. உருளை ஓட்டுகிறவளுக்கு ஒரு பொருள் சுற்றிச் சுற்றி விழுவதில் என்ன புதுமை? ஆனாலும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள், நாத்தனார் சொன்னது ஞாபகம் வந்து காலைப் பார்த்தாள்.

பஞ்சுமூட்டை ஒரு நாடகக் கொட்டகையில், ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைக்குள் புகுந்து தன் இருக்கைக்குப் போக முயன்றுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் கால்கள் தரையிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு நடந்தன. யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்பதில் அவருக்கு அப்படியொரு கவலை. அந்தக் கவலையே அவரை ஒரு சீமாட்டியின் மடியில் உட்காரவைத்தது. தூள் பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் விளங்கியது: இவர்களில் ஒருவரும் சிரிக்கவைக்கப் பார்க்கவில்லை. ஒரு நாற்காலியோ, ஒரு வேலையோ, ஓடிப்போகும் டிராமோ, ஏதோ ஒன்று அவர்களுக்கு உயிர்போகிற மாதிரி வேண்டியிருக்கிறது. அதை விடாமல் துரத்துகிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் வேலை. சிரிப்பது நம் வேலை.

அதன் பிறகு அவளுக்குச் சாயங்காலம் ஆறு மணி எப்போது ஆகும் என்றிருந்தது.

கண்ணாடியின் இரண்டாவது படத்தில் ஒரு கட்டம். அவர் ஒரு போலீஸ்காரரின் காலை மிதித்துவிடுகிறார். உடனே திரையில் எழுத்து வருகிறது. "ஐயா, பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்" என்று அதற்கு அர்த்தமாம். எழுத்துகளையெல்லாம் நாத்தனார் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் தூள் படித்தது எழுத்தை அல்ல, கண்ணாடியின் வாயை. பதினாறு வருடம் ஆலையில் வாய் படித்தவளை யாரும் ஏமாற்ற முடியாது. அந்த வாய் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் செட்டர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன?"

"கெட்ட வார்த்தை சொல்றாருங்க."

"எந்த பாஷையில?"

"பாஷை தெரியல. ஆனா கெட்ட வார்த்தை."

அவள் படத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போட்டாள். செட்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஆமா," என்றார். "போலீஸ்காரனோட அம்மாவ இழுக்கிறான்." சமையலறைக்குள் திரும்பிப் போய்விட்டார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டது.

மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருக்கும்போது கல்லுவின் முறை வந்தது.

கல்லு ஒரு மரக்கடையில் வேலை கேட்டு வருகிறார். யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று எழுதிய துண்டுச் சீட்டு காற்றில் பறந்துவிடுகிறது. அதைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. அந்த முற்றத்தில் நீராவிக் கிரேன் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கயிற்றில் தொங்கும் ஒரு முழு மரம், ஊஞ்சலாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடுகிறது. கல்லு அதைப் பார்க்கவே இல்லை. சீட்டை எடுக்க அவர் குனியும் ஒவ்வொரு தடவையும், பின்னாலிருந்து வரும் மரம் அவர் முதுகைத் தடவுவது போலக் கடந்து போகிறது. ஒரு கண்ணிமைப்பு முந்தினாலும் பிந்தினாலும் மண்டை இருக்காது. அவர் முகத்தில் சீட்டைப் பற்றிய அக்கறையைத் தவிர வேறெதுவும் இல்லை. நான்கு தடவை குனிகிறார். நான்கு தடவையும் மரம் போகிறது.

"யாரோ பின்னாலிருந்து 'இப்ப'ன்னு கத்தியிருப்பாங்க," என்று தூள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"கத்தினா எப்படிக் கேக்கும்?"

திரும்பினாள். செட்டர் தோளில் துண்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவள் உதட்டை எங்கே படித்தார் என்று பார்த்தாள், சுவர்க் கண்ணாடியில்தான்.

"அது நீராவிக் கிரேன்," என்றார். "நம்ம ஷெட்டுக்கு அண்ணன். அதுக்குப் பக்கத்துல நின்னா இடி விழுந்தாலும் கேக்காது. திருப்பிப் போடு."

போட்டாள்.

"இன்னொரு தடவை."

போட்டாள். ஐந்தாம் தடவை அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், திரைக்கு ஒரு கை தூரத்தில். ஏழாம் தடவை சொன்னார்:

"எண்ணுறான்."

"யாரு?"

"அவன்தான். உதட்டப் பாக்காத, தாடையைப் பாரு. வாய மூடிக்கிட்டு எண்ணுறான். மரம் அவனைத் தாண்டிப் போனதும் ஆரம்பிக்கிறான். ஒண்ணு, ரெண்டு..." செட்டரின் விரல் தரையில் தட்டியது. "ஏழு. ஏழுல குனியிறான் பாரு."

தூளும் பார்த்தாள். நூறு வருடத்துக்கு முன்னால் படமெடுத்த கேமராக்காரருக்கும், உலகம் முழுக்கச் சிரித்தவர்களுக்கும் தட்டுப்படாமல் போயிருக்கக்கூடிய ஒரு சின்னத் துடிப்பு, அந்தக் கல் முகத்தின் கீழ்த்தாடையில் இருந்தது. ஆணி ஆலைக்காரர் கண்ணுக்குத்தான் அது தெரியும். மூன்றாம் தடவை மட்டும் ஏழு தாண்டியும் அவர் குனியவில்லை. 

"ஒன்பது," என்றார் செட்டர். "கயிறை இறக்கியிருக்காங்க. கயிறு நீண்டா மரம் மெதுவா வரும். அது அவனுக்குத் தெரியும். காதை நம்பல, கண்ணை நம்பல. கணக்கை நம்பி முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். என்ன நெஞ்சழுத்தம்டா உனக்கு!"

படம் முடிந்து திரை நீலமாக நின்றது.  செட்டர், அவள் பக்கம் திரும்பாமல், சுவர்க் கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி பேசினார்.

"எட்டு வருஷமா எனக்குத் திருப்புளி வழியா ஒண்ணும் கேக்கல."

"எட்டு வருஷமாவா?"

"மத்தவங்க பாக்குறதுக்காக அதைக் காதுல வெச்சுக் கண்ண மூடிக்குவேன். வேலை செய்யிறது இடது கை. யாரும் கவனிக்காத மாதிரி ரெண்டு விரலை மெஷின் மேல வெச்சிருப்பேன். ஒவ்வொரு அடியும் விரல்ல எண்ணலாம். எங்க தப்புதோ அது காதைவிட நல்லாத் தெரியும்."

"அப்போ அன்னைக்கு?"

"அன்னைக்கு இடது கையில வெட்டு. கட்டுப் போட்டு, அதுக்கு மேல உறையும் மாட்டியிருந்தேன். ஒண்ணும் தெரியல. காதால வேலை பாக்குறவன், விரல்ல காயம், இன்னைக்கு என்னால முடியாதுன்னு சொல்ல முடியுமா? ஏன்னு கேப்பாங்கல்ல? அதனால தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

தூள் எழுந்துவந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள், அவர் தன் வாயைப் பார்க்கும்படி. "அப்போ தப்பு பண்ணது உங்க காது இல்ல. நீங்க மறைச்சது."

"ஆமா."

"அதுக்குப் போய் வாசக் காவலா?"

 இந்தத் தடவை பதிலாக வந்தது சுவர் இல்லை. அவர் தாடை அசைவதைத் தூள் பார்த்தாள்.

மறுநாள் காலை, மெஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், இருவரும் ஃபோர்மேனின் கண்ணாடி அறைக்குள் போய் நின்றார்கள். அவர் கேட்டார், "என்னய்யா, பின்வாசலுக்கு எழுதியிருக்கியாமே? குடு."

"எழுதினேன். குடுக்கிறதா இல்ல. வேற ஒண்ணு சொல்லணும். எனக்குக் காது முக்காவாசி போயிடுச்சு. எட்டு வருஷமாச்சு."

ஃபோர்மேன் கதவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், தூளைப் பார்த்தார். "இதை ஏன்யா எங்கிட்ட வந்து சொல்ற? நீயும் நிம்மதியா இருந்த, நானும் நிம்மதியா இருந்தேன்."

"மொட்டை ஆணிக்கு அப்புறம் யாரு நிம்மதியா இருந்தது?"

விரல்களைப் பற்றி செட்டர் எல்லாவற்றையும் சொன்னார். ஃபோர்மேன் நடுவில் குறுக்கிட்டார். "சரி, ஆபத்துன்னு உள்ள ஒருத்தன் கத்துறான்னு வெச்சுக்கோ. உனக்குக் கேக்குமா?"

"உங்களுக்குக் கேக்குமா?"

ஃபோர்மேன் யோசனையில் மூக்கைத் தொட்டார். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தவர்கள் பரபரவென்று அவரவர் மெஷினுக்கு ஓடினார்கள்.

"வாய் இருக்குன்னு பேசாத. செஞ்சு காட்டு," என்றார் கடைசியில். "கடைசி வரிசையில ஆறு மெஷின். ஏதாவது ஒண்ணுல நான் திருகிவிடுவேன். நீ முதுகைக் காட்டி நில்லு. அப்புறம் கைய வெச்சு எதுன்னு சொல்லு. திருப்புளி கிடையாது. தப்பாச் சொன்னா அந்தத் தாளை எடுத்து நீயே குடுத்துடணும்."

"சரி."

 தாள் இன்னும் அந்தச் சட்டைப் பைக்குள்தான் இருந்தது.

மெஷின்கள் ஓடத் தொடங்கின. செட்டர் சுவரைப் பார்த்து நின்றார். தூளின் உருளை நேர் எதிரில். அங்கிருந்து கடைசி வரிசை முழுக்கத் தெரியும். ஃபோர்மேன் ஸ்பேனரோடு முதல் மெஷினிடம் குனிந்தார், நிமிர்ந்தார். இரண்டாவதிடம் குனிந்தார். இப்படி ஆறுக்கும். ஒன்றிலும் ஸ்பேனர் ஒரு திருகின் மேலும் உட்காரவில்லை. காற்றில்தான் திருகினார். தூள் அதைத் தெளிவாகப் பார்த்தாள். மனுஷர் எதையுமே தொடவில்லை. தப்பு இருக்கிறது என்று நம்பித் தேடுகிறவன் இல்லாத தப்பையும் கண்டுபிடிப்பான். பயந்தவன் ஏதாவது ஒன்றைக் காட்டாமல் விடமாட்டான். அதற்குத்தான் இந்தப் பொறி.

செட்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இடது உள்ளங்கையை, எல்லோரும் பார்க்க, முதல் மெஷினின் மேல் வைத்தார். தாடை அசைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. நான்காவதில் நெடுநேரம் நின்றார். மூட்டை கட்டுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ரேடியோ அவர்களுக்கு முன்னால் நின்று, கையை நெற்றியில் வைத்து, கிளிஜோசியம் பார்ப்பவன் போலக் கண்ணைச் சொருகிக் காட்டினான். ஆறாவதும் முடிந்தது. செட்டர் கையை எடுத்துப் பார்த்துக்கொண்டார்.  மறுபடி முதல் மெஷினுக்குப் போனார்.

இரண்டாம் சுற்றின் நடுவில் அவர் தலை நிமிர்ந்தது. முப்பதடி தாண்டித் தூளைப் பார்த்தார்.

ஒரு விரல் போதும். சின்ன விரலை ஆட்டினால் 'ஒன்றுமில்லை' என்று அந்த ஆலைக்கே தெரியும். தூளின் சின்ன விரல் தானாகவே துடித்தது. அவள் இரண்டு கையையும் மரத்தூள் தொட்டிக்குள் முழங்கைவரை விட்டுக்கொண்டு, முகத்தை உருளைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒருமுறை அவருக்காகச் சத்தத்தை அடக்கிவைத்தாகிவிட்டது, போதும். உருளை சுற்றுவதை எண்ணினாள். இருபதுவரை எண்ணியும் அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திரும்பியபோது செட்டர் ஃபோர்மேனுக்கு எதிரே நின்றிருந்தார். வாயை நன்றாக அசைத்து, அறுபதடிக்கும் தெரியும்படி சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஆறும் சரியா இருக்கு. நீங்க எதையும் தொடல."

 ஃபோர்மேன் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தேநீர் நேரத்தில் தீர்ப்பு வந்தது. செட்டர் செட்டராகவே இருக்கலாம். ஆனால் இனி தனியாக அல்ல. மெஷினைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், காது கேட்கிற ஒருவர் கூட நிற்க வேண்டும். இருவரும் ஒத்துப்போனால்தான் மெஷின் ஓடும்.

"எனக்கு ஆயா வேணாம்," என்றார் செட்டர்.

"ஆயா இல்லய்யா, காது. இந்த ஆலையிலேயே நல்ல காது யாருக்கு இருக்கு? நான் பொண்டாட்டிகிட்ட போன்ல பேசினதைக்கூட மறுநாள் கேன்டீன்ல வந்து சொல்றவனுக்கு." ஃபோர்மேன் திரும்பினார். "டேய் ரேடியோ!"

ரேடியோவின் வாய் அன்றுதான் முதல்முறையாகத் திறந்தபடி ஓசையில்லாமல் நின்றது. "நானா? ஐயா, நான் மூட்டை கட்டுற ஆளு. அவரோட எனக்கு ஆகாதே!"

"அவனோட எனக்கும் ஆகாது," என்றார் செட்டர்.

"அப்போ நல்லா சோதிப்பீங்க," என்று ஃபோர்மேன் தேநீரைக் குடித்து முடித்தார்.

மாதம் பிறந்த முதல் நாள், பதினேழாம் மெஷின் மக்கர் செய்தது. இருவரும் அதன் முன்னால் போய் நின்றார்கள். ரேடியோ காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அடியில்தான் கோளாறு என்று விரலால் காட்டினான். செட்டர் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு மேலே காட்டினார். ரேடியோ இரண்டு கையாலும் கீழே காட்டினான். செட்டர் ஒரு விரலால் மேலே. ரேடியோ தன் காதைப் பிடித்து இழுத்து, இது என்ன காய்கறியா என்று கேட்டான். செட்டர் கையை விரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். வாயே மூடாத மனிதனுக்கு ஒரு வார்த்தையும் உதவாத இடத்தில் சண்டை போட வேண்டிய கட்டாயம். அவன் குதித்தான், தொடையில் தட்டினான், வானத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். எதிரே செட்டரின் முகம் அசையவே இல்லை. கடைசியில் ரேடியோ மெஷினுக்கு அடியில் தலையை விட்டுக் கோளாறைத் தானே தேடப் போனான். செட்டர் பொறுமையாக மேல் மூடியைக் கழற்றி, வைக்க இடமில்லாமல், வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் பின்புறத்தின் மேல் வைத்தார். மேசை என்று நினைத்தாரோ என்னவோ. திருகுகளையும் ஒவ்வொன்றாக அதன் மேல் அடுக்கினார்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தூளால் முடியவில்லை. உருளையை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அவள் சிரிப்பு யாருக்கும் கேட்கவில்லை, அவளுக்கே கேட்கவில்லை.

செட்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன?" என்று கேட்டது அவர் வாய்.

"ஒண்ணுமில்ல," என்றது அவள் வாய். "திருகு விழுது பாருங்க."